1977 போர்ட் பாட்டில்: எப்படித் திறப்பது, எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: லண்டனில் ஓர் ஏலத்தில் 1977 வின்டேஜ் போர்ட் ஒயின் ஒரு பாட்டில் வாங்கினேன். இதை எப்படித் திறக்க வேண்டும்? நன்றாக இருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: போர்ட் என்பது பிராந்தி சேர்த்துச் செய்யும் போர்ச்சுகல் இனிப்பு ஒயின். முதலில் லேபிளை இன்னொரு முறை பாருங்கள். ஆண்டு அச்சிட்டிருந்தாலே அது வின்டேஜ் ஆகிவிடாது. ‘கொல்யெய்ட்டா’ என்றிருந்தால் அது குறைந்தது 7 வருடம் மரப்பீப்பாயில் கிடந்து பழுப்பேறிய ‘டானி’ வகை. அதில் பெரும்பாலும் மண்டி இருக்காது, நேராகத் திறந்து ஊற்றலாம். வின்டேஜ் என்றால் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் திராட்சை அறுவடையான இரண்டு மூன்று வருடத்துக்குள் வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்தது. உங்கள் பாட்டில் 1979 வாக்கில் அடைபட்டிருக்கும்.

பாட்டிலில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தின் அடிவரை ஒயின் நின்றால் நல்லது. தோளின் நடுவுக்கு இறங்கி, தக்கையைச் சுற்றிப் பிசுபிசுப்பும் இருந்தால் காற்று உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்திருந்தபோது பக்கவாட்டில் ஒட்டிய மண்டி அடியில் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். பழைய போர்ட் பாட்டிலின் கழுத்து நடுவில் சற்று உப்பியிருக்கும். தக்கை அங்கே விரிந்து பிடித்துக்கொள்வதால், சாதாரணத் திருகால் இழுத்தால் பாதியில் முறியும். இரண்டு தகடுள்ள திறப்பானை இருபுறமும் மெதுவாக ஆட்டி இறக்கி, திருகியபடியே இழுங்கள். முறிந்துபோனாலும் பதற வேண்டாம், துணியில் வடிகட்டினால் தூள் நின்றுவிடும்.

இறுப்பதில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியோ டார்ச்சோ வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராக டிகேன்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். கருநிறக் கோடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். கடைசி 50–75 மி.லி. போனால் போகட்டும். துணி வேண்டுமென்றால் சோப்பு வாசனையில்லாத மஸ்லின் போதும்.

16–18 டிகிரியில், மேல்வாய் குறுகிய கிளாஸில் 50 மி.லி. ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். இந்த வயதில் நடுவில் மாதுளைச் சிவப்பும் ஓரத்தில் செங்கல் நிறமும் இருப்பது இயல்பு. நடு ஓரம் எல்லாம் ஒரே பழுப்பானால் சந்தேகப்படுங்கள்.

மோந்தவுடனே தீர்ப்பு சொல்லாதீர்கள். பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்த ஒயின் முதலில் புழுங்கிய நாற்றம் அடிக்கும். அரை மணியில் அது கலைந்து அத்தி, உலர்திராட்சை, தேவதாரு, புகையிலை என்று ஒவ்வொன்றாக வெளிவரும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மோந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை மட்டும் நேரம் ஆக ஆகக் கூடும். அது தக்கை கெட்டதன் அடையாளம், காற்றுப்பட்டுத் தீராது. நெயில் பாலிஷ் வாடை லேசாக இருந்தால் பழைய போர்ட்டில் பொறுத்துக்கொள்ளலாம். பழ வாசனையை அது மூடிவிட்டால் தேறாது. கருகிய சர்க்கரையும் பழைய கொட்டைப் பருப்பும் மட்டுமே வந்தால் ஆக்சிஜன் வேலையை முடித்துவிட்டது.

நாக்கில் பார்க்க வேண்டியது சமநிலை. துவர்ப்புப் பொருள்களும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து அடியில் படிந்ததுதான் அந்த மண்டி. அதனால் துவர்ப்பு மென்மையாகியிருக்கும். ஆனால் சர்க்கரை அப்படியே இருக்கும், ஆல்கஹாலும் 20 சதவீத அளவில்தான். பழச்சுவை வற்றிவிட்டால் இந்த இரண்டும் துருத்திக்கொண்டு, தொண்டையில் எரிச்சலாகத் தெரியும். விழுங்கிய பின் சுவை அரை நிமிடத்துக்கு மேல் நின்று, கடைசியில் எரியாமல் முடிந்தால் நல்ல பாட்டில். இனிப்பை வைத்து மட்டும் மதிப்பெண் போட்டால் எல்லாப் போர்ட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

உணவுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு இறுத்தால் போதும். இளம் வின்டேஜுக்குச் சொல்லும் நாள்முழுவதும் காற்றாடும் யோசனை இதற்கு ஆகாது. மிச்சத்தை ஒரு சிறு பாட்டிலில் நிறைய ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் குடித்துவிடுங்கள்.