பாஸ் அடிக்கும்போது ஆம்ப் கட் ஆகுதா? அடாப்டரை மாத்துங்க

12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர்ல பாஸ் அடிக்கும்போதெல்லாம் 'டப்'னு ஒரு சத்தத்தோட ஆம்ப் கட் ஆகுதுன்னு கேட்டிருந்தீங்க. போர்டை மாத்த வேண்டாம், அடாப்டரை மாத்துங்க. டிபிஏ3116 (ஆம்ப் சிப்போட பேரு) போர்டுக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் பத்தாது. 12 வோல்ட்ல 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமா வர்றது சேனலுக்கு (ஒரு பக்க ஸ்பீக்கருக்கு) அதிகபட்சம் சுமார் 9 வாட்ஸ்தான். பாஸ் அடிக்கிற நொடியில அடாப்டர் மூச்சு வாங்குது, வோல்டேஜ் இறங்குது, சிப் தன்னைத்தானே அணைச்சுக்கிட்டுத் திரும்ப எழுந்திரிக்குது. நீங்க சொன்ன 'டப்' சத்தம் அதுதான். (நானும் ரெண்டு போர்டு வாங்கின பிறகுதான் இதைக் கண்டுபிடிச்சேன்.)

உறுதி பண்ண: மல்டிமீட்டரை டிசி வோல்டேஜ்-ல வச்சு, போர்டோட பவர் டெர்மினல்லயே பிடிங்க. வால்யூமை ஏத்துங்க. 12-லிருந்து 9, 8-னு சரிஞ்சா வேற சந்தேகமே வேண்டாம்.

பழைய லேப்டாப் அடாப்டர், 19 வோல்ட் 4.74 ஆம்பியர், அருமையா வேலை செய்யும். 24 வோல்ட் போடணும்னா முதல்ல பெரிய கெப்பாசிட்டர் மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க. 25வி-னு (25 வோல்ட்) இருந்தா அது 24-க்கு ரொம்ப நெருக்கம், 19-ஓட நிறுத்திக்கோங்க.

ஒண்ணு மட்டும்: ரெண்டு ஸ்பீக்கரோட மைனஸ் ஒயரையும் ஒண்ணா முறுக்காதீங்க, கிரவுண்டுலயும் சேர்க்காதீங்க. இந்த சிப்ல மைனஸ்லயும் சிக்னல் ஓடும்.