‘ஐ’க்கு எப்படி ‘வேர்’ வரும்?

வணக்கம் ஐயா,

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ரியூஷனில் ‘இஃப்’ வாக்கியங்களைச் சைபர், ஒன்று, இரண்டு, மூன்று என்று வகை பிரித்துப் பாடமாக்கச் சொல்கிறார்கள். ‘இஃப் ஐ வேர் யூ’ என்ற இடத்தில் முட்டுப்பட்டு நிற்கிறாள். ‘ஐ’ வந்தால் ‘வொஸ்’ என்றுதானே எங்களுக்கும் படிப்பித்தார்கள்? இனி நடக்கப்போவதைச் சொல்ல எதற்கு இறந்தகாலம்? ரீச்சரைக் கேட்டால், “அது சப்ஜங்டிவ், அப்படித்தான்” என்றாராம். தமிழில் இந்தத் தொல்லை இல்லையே. நேரமிருந்தால் விளக்குவீர்களா? காட் பிளெஸ் யூ.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

சப்ஜங்டிவ் என்பது நடந்ததையோ நடப்பதையோ அல்ல, விருப்பத்தையோ கற்பனையையோ சொல்லும் வினைவடிவம். உங்கள் கடைசி வரியே ஒரு சப்ஜங்டிவ்தான். காட் ஒருமை, ரியூஷன் கணக்கில் ‘காட் பிளெஸஸ் யூ’ என்றல்லவா வரவேண்டும்? அப்படி எழுதியிருந்தால், கடவுள் எனக்கு அருள்கிறார் என்று எனக்கே செய்தி சொன்னதாகியிருக்கும். நீங்கள் சொல்ல வந்தது ‘அருள்வாராக’. வாழ்க, வருக என்று வியங்கோள் படித்தோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. பழைய ஆங்கிலத்தில் இதற்கென்றே வினைக்குத் தனி வடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் அநேகமாக எல்லாம் தேய்ந்துவிட்டன. தேயாமல் மிஞ்சியதில் ஒன்றுதான் ‘இஃப் ஐ வேர்’. அது ‘தே வேர்’ என்பதில் வரும் பன்மை அல்ல. முகச்சாயல் மட்டும் ஒன்று.

இறந்தகாலத்துக்கு வருவோம். தமிழில் இல்லை என்கிறீர்கள். ‘நாளைக்கு மழை வந்தால்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். வந்தது, வந்தேன் என்பவற்றில் இருக்கும் அதே ‘வந்த்’தான் முன்னுக்கு நிற்கிறது, பின்னால் ஓர் ‘ஆல்’. மழை நாளைக்கு, வினை மட்டும் இறந்தகாலத்தில்! ‘வருவால்’ என்று சொல்ல எங்களுக்கு வாயே வராது. பிறந்த நாளிலிருந்து கேட்பதால் இது கண்ணில் படுவதில்லை. இறந்தகால உருபு எப்போதும் நேற்றைத்தான் குறிக்கும் என்றில்லை, ‘இன்னும் கைக்கு வராதது’ என்றும் அது சொல்லும். மகளுக்கு இதை முதலில் காட்டுங்கள். நாலு வகையும் பிறகு வரட்டும்.

சிக்கல் இருக்கிறது, ஆனால் வேறிடத்தில். காலி வீதியில் நின்று ‘100ஆம் இலக்க பஸ் வந்தால் ஏறுவேன்’ என்கிறேன். ‘லொத்தர் விழுந்தால் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு வாங்குவேன்’ என்றும் சொல்கிறேன். பஸ் வரும். லொத்தர் விழாது, அது எனக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். தமிழ் இரண்டுக்கும் ஒரே ‘ஆல்’ போட்டு, மிச்சத்தைக் குரலுக்கும் சிரிப்புக்கும் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் வினையிலேயே பிரித்துவிடும்: ‘இஃப் த பஸ் கம்ஸ், ஐ வில்’; ‘இஃப் ஐ வொன் த லொத்தரி, ஐ வுட்’. நம்பிக்கை குறைந்தால் வினை ஒரு படி பின்னுக்குப் போகிறது. நான் ஒருநாளும் நீங்களாக முடியாது. அதனால்தான் ‘இஃப் ஐ வேர் யூ’.

நேற்று நடக்காமல் போனதைச் சொல்லும் மூன்றாம் வகை எங்களுக்கு மிகச் சுலபம். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பது ‘இஃப் ஐ ஹாட் நோன், ஐ வுட் ஹாவ் கம்’ என்பதன் அச்சு. ஆனால் அந்தச் சுகத்திலேயே ஒரு வழுக்கல். ‘அப்பா இருந்திருந்தால் இப்போது 80 வயது’ என்று சொல்லிப் பழகிய வாய், ஆங்கிலத்தில் ‘ஹாட் பீன்’ என்று தொடங்கிவிடும். பேச்சு இன்றைய நாளைப் பற்றியதென்பதால் அங்கே ‘இஃப் ஃபாதர் வேர் அலைவ்’ போதும்.

‘வொஸ்’ பிழையா? பேச்சில் ஆங்கிலேயரே தாராளமாக ‘இஃப் ஐ வொஸ்’ என்பார்கள். பரீட்சைத்தாளில் மகள் ‘வேர்’ எழுதட்டும். ஆனால் ‘இஃப்’பைக் கண்ட இடமெல்லாம் ‘வேர்’ போடவும் கூடாது. ‘நேற்று என் தம்பி மரியாதைக் குறைவாக நடந்திருந்தால் மன்னியுங்கள்’ என்றால், அவன் அப்படி நடந்திருக்கவும் கூடும். அது கற்பனை அல்ல, உண்மையான நேற்று. ‘இஃப் ஹி வொஸ் ரூட்’ என்பதுதான் அங்கே சரி. நிறையப் படித்தவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்.

ரியூஷனில் அதிகம் சொல்லாத இன்னொரு சப்ஜங்டிவ் இருக்கிறது, பரிந்துரையோ கோரிக்கையோ சொல்லும்போது வருவது. கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், கூட்ட அறிக்கையில் ‘த கொமிட்டி ரெக்கமென்ட்ஸ் தட் ஹி பி அப்பொயின்டட்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி ‘பி’யைச் சிவப்பு மையால் வெட்டி ‘இஸ்’ ஆக்கினார். விளக்கப் போனேன். “தம்பி, ஹி என்றால் இஸ்” என்றார். ‘ஷுட் பி’ என்று மாற்றிக் கொடுத்தேன். பிரித்தானிய வழக்கில் அதுவும் நடைமுறைதான், அமெரிக்கர்தான் வெறும் ‘பி’யை அதிகம் விரும்புவார்கள். அதற்கு மறுப்பில்லை, கையெழுத்து விழுந்தது.