கழுவும் நேரத்துக்கும் காசா? ஃப்ளோ சைட்டோமெட்ரி கேள்வி-பதில்

(ஃப்ளோ சைட்டோமெட்ரி: செல்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, லேசர் முன் ஒவ்வொன்றாக ஓட்டி எண்ணி வகை பார்க்கும் முறை.)

கே: ஏற்காட்டில் முகாம் நடத்தி ரத்தம் எடுக்கிறோம். லிம்போசைட் (ஒருவித வெள்ளையணு) வகைகளைப் பார்க்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்துச் சேலத்துக்கு அனுப்பலாமா?

ப: ஐஸ் வேண்டாம். ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து) குழாயில் எடுத்த முழு ரத்தம் 20–25 டிகிரியில் இருந்தால் போதும். அன்றே ஸ்டெய்ன் செய்வது (சாயமேற்றுவது) நல்லது. 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். அறை வெப்பநிலை என்றதும் சித்திரை மத்தியானத்தில் ஜீப்புக்குள் பூட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தெர்மாகோல் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குழாய் உருளாதபடி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ரத்தம் எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் எழுதுங்கள். 'காலையில்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காலை?

கே: போன மாதம் போட்ட காம்பன்சேஷனையே (ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் அளவில் கலப்பதற்கான திருத்தத்தையே) இந்த முறையும் வைத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. ஒவ்வொரு சாயத்துக்கும் தனி ஸ்டெய்ன் கன்ட்ரோல் (அந்தச் சாயம் மட்டும் ஏற்றிய ஒப்பீட்டு சாம்பிள்), ஒவ்வொரு முறையும்.

கே: பிஇ சாயம் ஒட்டிய ஆன்டிபாடியைத் தவறுதலாக மைனஸ் 20-ல் வைத்துவிட்டேன். பயன்படுத்தலாமா?

ப: புதிதாக வாங்குங்கள். பிஇ, ஏபிசி என்ற சாயங்கள் இரண்டுமே புரதம், உறைந்தால் போச்சு. 4 டிகிரியில், இருட்டில் வைக்க வேண்டும். டேண்டம் சாயத்துக்கு (இரண்டு சாயத்தைக் கோத்தது) டியூப்லைட் வெளிச்சம்கூட ஆகாது.

கே: மெஷினை ஒரு மணி நேரம்தான் ஓட்டினேன். கடைசியில் கழுவிய 20 நிமிடத்துக்கும் கட்டணம் போட்டிருக்கிறார்கள். இது நியாயமா?

ப: நியாயம்தான். எத்தனை பேர் கேட்டாலும் இந்தப் பதில் மாறாது.

உங்கள் வேலை கடைசி ட்யூபோடு முடிவதில்லை. ப்ளீச் கரைசல் பத்து நிமிடம், அப்புறம் வடிநீர் பத்து நிமிடம். ப்ளீச்சோடு நிறுத்திவிட்டுப் போனால் மிச்சமிருப்பது அடுத்தவர் செல்லையும் சாயத்தையும் கெடுக்கும். ப்ரோபிடியம் அயோடைடு, அக்ரிடின் ஆரஞ்சு போன்ற சாயங்கள் மெஷினின் குழாயில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வருபவரின் ஸ்டெய்ன் போடாத சாம்பிள்கூட மினுங்கும். அவர் தன் ஆன்டிபாடியைச் சந்தேகித்து ஒரு வாரம் வீணாக்குவார்.

இதைவிட மோசமானது செல்லே ஒட்டிக்கொள்வது. ரத்தப் புற்றுநோயில் சிகிச்சைக்குப் பிறகு எஞ்சியிருக்கும் செல்லைத் தேடுகிறவர் 10,000-க்கு ஒன்று என்ற அளவில் தேடுகிறார். 5 லட்சம் செல் ஓட்டினால் அவருக்குக் கிடைக்க வேண்டியது 50 சொச்சம். நீங்கள் குழாயில் விட்டுப்போன செல் லைன் (ஆய்வகத்தில் வளர்த்த செல்) முப்பது நாற்பது அதில் கலந்தால் அவர் முடிவு என்னவாகும்? கல்யாணச் சமையல்கட்டில் சாம்பார்க் கரண்டியைக் கழுவாமல் பாயசத்தில் விட்ட கதைதான்.

"என் சாம்பிள் சுத்தமானது சார்" என்பார்கள். அப்படிச் சொல்பவர்தான் பெரும்பாலும் வடிகட்டாமல் வருவார். 40 மைக்ரான் வலையில் வடிகட்டிவிட்டு வாருங்கள். இதை எத்தனை முறை சொல்வது? சார்ட்டரின் (செல்களைப் பிரித்தெடுக்கும் மெஷின்) நாசில் துளை 70 அல்லது 100 மைக்ரான்தான். செல் கட்டி ஒன்று போய் உட்கார்ந்தால், சரிசெய்ய வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும். அந்த வாரம் ஸ்லாட் போட்ட அத்தனை பேருக்கும் நீங்கள் பதில் சொல்வீர்களா? 20 நிமிடக் காசு அதற்கு முன் பெரிதல்ல.

கே: ஓட்டும்போது கரண்ட் போய்விட்டால்?

ப: யுபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் முறையாக நிறுத்துங்கள். மறுபடி போட்டதும் லேசர் நிலைப்பட அரை மணி நேரம் விட்டு, தரச் சோதனை நுண்மணிகளை (பீட்ஸ்) ஓட்டிவிட்டுத்தான் சாம்பிள்.

கே: சேர்வராயன் மலைக் காபிச் செடிகளின் குரோமோசோம் மடங்கை (எத்தனை தொகுதி குரோமோசோம் என்பதை) இந்த மெஷினில் பார்க்க முடியுமா? ரத்தத்துக்கு மட்டும்தான் என்கிறார்கள்.

ப: தாராளமாகப் பார்க்கலாம். நல்ல கேள்வி. அராபிகாவுக்கு 44 குரோமோசோம், ரோபஸ்டாவுக்கு 22. இளம் இலையைப் புது ப்ளேடால் குளிர்ந்த பஃபரில் பொடியாக நறுக்கி, உட்கருக்களை வடித்தெடுக்க வேண்டும். 1983-ல் கால்பிரெய்த் குழு காட்டிய வழி இது. உட்கருவுக்கு ஏற்றும் ப்ரோபிடியம் சாயம் டிஎன்ஏ-வில் மட்டுமல்ல, ஆர்என்ஏ-விலும் ஒட்டும், அதனால் ஆர்என்ஏ-வை அழிக்கும் ஆர்என்ஏஸ் நொதியைச் சேருங்கள். ஒப்பிட, டிஎன்ஏ அளவு தெரிந்த ஒரு செடியின் இலையையும் கூடவே நறுக்குங்கள். காபி இலையில் ஒரு தொல்லை உண்டு. அதிலுள்ள காஃபினும் குளோரோஜெனிக் அமிலமும் சாயம் ஏறுவதைக் குழப்பும். பஃபரில் பிவிபி என்ற பாலிமரைச் சேர்த்தால் குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஃபீனால் வகைத் தொல்லை ஓரளவு குறையும். காய்ந்த இலை வேண்டாம். பிறகு, வடிகட்டுங்கள், கழுவும் நேரத்தையும் சேர்த்து ஸ்லாட் போடுங்கள்.

கே: எத்தனை செல் ஓட்ட வேண்டும்?

ப: எந்தச் செல்லை, எந்தச் சாம்பிளில் தேடுகிறீர்கள்? அதைச் சொல்லாமல் எண்ணிக்கை கேட்டால் எப்படி? நூற்றில் ஒன்று என்றால் 10,000 போதும். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் லட்சக்கணக்கில் வேண்டும். அடுத்த கடிதத்தில் பேனலை (எந்த ஆன்டிபாடி, எந்தச் சாயம் என்ற பட்டியலை) முழுதாக எழுதி அனுப்புங்கள்.