ஜெபமாலை யார் கையில்?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 48 வயது. ராதாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். பதினாறு ஆண்டுகள் குவைத்தில் வெல்டராக இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரோடு வந்துவிட்டேன். இப்போது எங்கள் கோவில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப்பேரவையில் இருக்கிறேன். திருவிழா வரவு செலவும் என் பொறுப்பு. அங்கே சண்டைக்குக் குறைவில்லை; வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்ப்பேன்.

என் கவலை மகனைப் பற்றியது. பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறான். ஆறு மாதமாக ஞாயிறு பூசைக்கு வர மறுக்கிறான். இரவு ஜெபமாலை தொடங்கினால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான். நான் இல்லாத காலத்தில் கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்துதான் மாதா பிரார்த்தனை, புனிதர் ஜெபங்கள் எல்லாம் சேர்த்து ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். போன மாதம் கோபத்தில் கை ஓங்கிவிட்டேன். "நீங்கள் குவைத்தில் இருந்தபோது நான்தான் ஜெபமாலை சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

தவக்காலத் தியானத்தில், அப்பா கோவிலுக்குப் போகிற வீட்டில்தான் பிள்ளைகளும் போவார்கள் என்று ஏதோ வெளிநாட்டுக் கணக்கைச் சொன்னார்கள். நான் போகிறேனே, பிறகு ஏன் இப்படி? என் அப்பா பனையேறி. விடியும் முன்பே மரத்தடியில் நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் தளைநாரைக் காலில் மாட்டுவார். அவரை நான் ஒரு வார்த்தை எதிர்த்ததில்லை. மனைவி 'விட்டுப்பிடியுங்கள்' என்கிறாள். ஊரிலோ கேட்கிறார்கள். கண்டிக்கவா, விட்டுவிடவா?

பி.கு.: மகளுக்கு, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் சடங்கு வருகிறது. அதில் அவளுக்குத் துணைநிற்கும் ஞானத்தாயாக என் மனைவியே நிற்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் உங்கள் அப்பா. அவரைப் பற்றி மூன்றே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வரியில் அவர் உங்களை ஜெபத்துக்குக் கூப்பிட்டதாகவோ, பூசைக்குப் போகாததற்கு அடித்ததாகவோ ஒரு சொல் இல்லை. அடித்தும் இருக்கலாம், பனையேறி வீட்டில் மட்டைக்கா பஞ்சம்? ஆனால் இத்தனை வருடம் கழித்து உங்கள் மனத்தில் நிற்பது அடி இல்லை. விடியாத இருட்டில் ஒரு மனிதரின் கை நெற்றிக்குப் போனதுதான். அது பக்தி மட்டும் இல்லை, தம்பி, பயமும்கூட. ஐம்பது அடி உயரம், பனியில் நனைந்த மரம், இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் ஒரு நார். நம் அப்பாவுக்கும் பயம் உண்டு, அந்தப் பயத்தை அவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மேலே ஏறுகிறார் என்பதைச் சின்னப் பையனாக நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் மகன் உங்களை அப்படி ஒருநாளாவது பார்த்திருக்கிறானா?

கோபப்படாதீர்கள். உங்கள் வருடங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பதினாறும் இரண்டும் பதினெட்டு, பையனுக்குப் பதினேழு. அவன் பிறந்ததே நீங்கள் போன பிறகுதான். வளைகுடா வெயிலில் நீங்கள் பட்ட பாட்டில்தான் அந்த வீடு நிற்கிறது, அவன் படிக்கிறான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பாடு எதுவும் அவன் கண்ணில் படவில்லை. அவனுக்குத் தெரிந்த அப்பா போனில் வந்த குரல்; விடுமுறைக்கு வந்த பெரிய பெட்டி. இப்போது திடீரென்று ஒழுங்கு கேட்கிற ஒரு மனிதர்.

குவைத்தில் ஞாயிறு வேலை நாள், வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. நம்மவர்கள் ஞாயிறு பூசையையே வெள்ளிக்கிழமை கண்டுவிட்டு வருவார்கள் என்பது, அங்கே போய்வந்த குடும்பங்களில் எல்லோருக்கும் தெரியும். குவைத் நகரின் திருக்குடும்பப் பேராலயத்தில் கூட்டத்தில் நசுங்கி நின்ற வெள்ளிக்கிழமைகள் உங்களுக்கும் இருந்திருக்கும். போக முடியாமல் கேம்பிலேயே கிடந்த வெள்ளிக்கிழமைகளும் இருந்திருக்கும். அவற்றைப் பற்றி மகனிடம் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நம் ஊர் ஆண்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, ஜெபமாலைக்கு வருகிறேன். அவன் சொன்ன அந்த ஒற்றை வரியை நீங்கள் எதிர்ப்பேச்சாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது முறையீடாகக் கேட்கிறது. அப்பா ஊரில் இல்லாத வீட்டில், அம்மாவும் தங்கையும் மறுமொழி சொல்ல, மணியை உருட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்த சிறுவன் அவன். அந்த வீட்டில் 'நான் பெரியவன்' என்று அவனுக்கு இருந்த இடம் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள். ஜெபம் நீண்டதை அவன் பொறுத்திருப்பான், பிரார்த்தனையையும் பொறுத்திருப்பான். அவன் சொல்லிவந்த ஜெபம் ஒழுங்கில்லாதது என்று தீர்ப்பானது இருக்கிறதே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு பழைய கதை சொல்கிறேன், கதையில்லை, நடந்தது. 1542இல் புனித சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கரையோர மக்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் ஜெபங்களைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியார் மொழி தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் தமிழில் ஆக்கினார். கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தாம் கற்றுக்கொடுத்ததை வீட்டில் போய்த் தகப்பனுக்கும் தாய்க்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அந்தப் பிள்ளைகளை அனுப்பிவைத்ததாக, 1544இல் எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். பெரியவர்கள் வாய் திறந்து ஜெபம் சொல்லப் பழகியதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டிலும் பதினாறு வருடம் ஜெபம் அணையாமல் கிடந்தது உங்கள் மனைவியாலும் அந்தப் பையனாலும்தான். ஒருநாளாவது அதற்கு நன்றி சொன்னீர்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கணக்குச் சண்டையை வீட்டில் கொட்டித் தீர்ப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டரை மணிக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்து சாமியாரை ஒரு பிடி, சப்பர மின்விளக்குக் கணக்கை ஒரு பிடி, வரி கொடுக்காதவனை ஒரு பிடி. ஒன்பது மணிக்குக் குத்துவிளக்கை ஏற்றி 'அருள் நிறைந்த மரியே'. நடுவில் அரை மணி நேரம்தான். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குக் காது கூர்மை, தம்பி. கோவில் என்றால் அது அப்பா போய்ச் சண்டை போட்டுவிட்டு வரும் இடம் என்று அவன் முடிவு செய்திருந்தால், தப்பு அவனுடையது மட்டும் இல்லை. மறைக்கல்வி வகுப்பில் பல வருடம் கத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: உறுதிபூசுதல் முடிந்த கையோடு வேப்பமர நிழலுக்குப் போய்விடும் பையன்களைப் பற்றி எல்லோரும் குறைப்படுகிறார்கள். பிரசங்கம் முடியும்வரை அதே நிழலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் அப்பாக்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் அந்த ரகம் இல்லை, உள்ளேதான் இருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருப்பவர்களையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தியானத்தில் கேட்ட கணக்கு உங்களைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. 1994இல் சுவிட்சர்லாந்தில் எடுத்தது அது. தாய் தவறாமல் கோவிலுக்குப் போயும் தந்தை போகவே போகாத வீடுகளில், வளர்ந்த பிறகு தவறாமல் போன பிள்ளைகள் 100க்கு 2 பேர்தான். பிரசங்கிகளுக்கு இந்த 2 மிகவும் பிடித்த எண். தாயும் தந்தையும் சேர்ந்து தவறாமல் போன வீடுகளிலேயே அது 33தான் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது; அதை அவ்வளவாக மேடையில் சொல்வதில்லை. அதாவது, எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் மூன்று பிள்ளைகளில் இருவர் வாரந்தோறும் வருகிறவர்களாக இல்லை. எனவே 'நான் போகிறேனே, அவன் ஏன் வரவில்லை' என்று அந்தக் கணக்கை வைத்துக் கேட்காதீர்கள். சுவிஸ் நாட்டுப் பட்டியல் ராதாபுரத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாமல் கரையில் கிடக்கும் வள்ளங்களைப் பார்த்தே இடிந்தகரைப் பிள்ளைக்கு ஞாயிறு என்றால் என்ன என்று விளங்கிவிடுகிறது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

தந்தையின் பங்கு பெரிதில்லை என்று சொல்ல வரவில்லை. ஞானஸ்நானச் சடங்கின் முடிவில் குருவானவர் தாயை ஆசீர்வதித்த பின் தந்தையையும் தனியாக ஆசீர்வதிக்கிறார். சொல்லாலும் செயலாலும் பிள்ளைக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் முதல் ஆசிரியர்களாக இருவரும் இருக்கவேண்டும் என்று. உங்கள் மகனுடைய ஞானஸ்நானத்தில் நீங்கள் நின்றீர்களோ, குவைத்தில் இருந்தீர்களோ. செயல் என்ற பாதிக்கு இன்னும் காலம் இருக்கிறது. புனித இரண்டாம் ஜான்பால் பாப்பரசர் சிறு வயதிலேயே தாயை இழந்தவர். இரவில் விழித்துப் பார்த்தால் தம் அப்பா முழந்தாளில் இருப்பார் என்றும், அதுவே தமக்கு முதல் குருமடம் போல இருந்தது என்றும் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அந்த அப்பா பட்டாளத்துக்காரர்; அதட்டத் தெரியாதவர் இல்லை.

கண்டிக்கவா, விட்டுவிடவா என்று கேட்டீர்கள். இரண்டும் வேண்டாம். முதலில் மன்னிப்புக் கேளுங்கள், கை ஓங்கியதற்கு. மனைவி மூலம் சொல்லியனுப்பாதீர்கள். நீங்களே மாடிக்கு ஏறிப் போங்கள். நம் ஊரில் அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் குடி முழுகிவிடும் என்று ஒரு நினைப்பு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடத் தெரிந்தவருக்கு மகன் முன் தலைகுனிய ஏன் முடியாது?

பிறகு, இரவு ஜெபத்தைப் பழைய கால் மணி நேரத்துக்கே கொண்டுபோங்கள். ஜெபத்தை உங்கள் மனைவி தொடங்கட்டும். நீங்கள் பாயில் பின்னால் உட்கார்ந்து மறுமொழி சொல்லுங்கள். 'அர்ச்சியசிஷ்ட மரியாயே' என்று உங்களுக்குப் பழைய ஜெபம்தான் வாயில் வருமானால் அப்படியே சொல்லுங்கள், பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். என் வீட்டிலும் இப்படித்தான் இரண்டும் கலந்து ஓடுகிறது. மகனைக் கூப்பிடவேண்டாம். மாடிக்குச் சத்தம் கேட்கும். அவன் இறங்கி வந்து கதவோரம் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்க்காதீர்கள், அதுதான் முக்கியம். அவன் இடம் காலியாக இருக்கட்டும்.

ஞாயிறு பூசை கடமை என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு ஒரே ஒரு முறை, 'நாளை ஆறரைக்குப் போகிறேன், வருகிறாயா?' என்று கேளுங்கள். இல்லை என்றால் சரி என்று சொல்லிவிட்டுப் போங்கள். கேட்பதை ஒரு வாரமும் நிறுத்தாதீர்கள். ஏன் வரவில்லை என்று அவன் ஒருநாள் சொல்ல ஆரம்பித்தால், பாதியில் பதில் சொல்லாமல் முழுவதும் கேளுங்கள். கோவிலில் யாராவது அவனை நோகடித்தார்களா என்பதும் அப்போதுதான் தெரியும். சாமியாரிடம் சொல்லிக் கண்டிக்கச் சொல்வது, பரீட்சை மதிப்பெண்ணோடு முடிச்சுப்போடுவது, செல்போனைப் பிடுங்குவது, எதுவும் வேண்டாம். ஊரில் கேட்பவர்களுக்கு 'படிக்கிறான்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பன்னிரண்டு வயது இயேசு யாரிடமும் சொல்லாமல் எருசலேம் ஆலயத்தில் தங்கிவிட்ட கதையைப் படித்துப் பாருங்கள். மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டது மாதா. பையன் சொன்ன பதிலும் நம் வீட்டுப் பதில் மாதிரிதான் இருக்கிறது. மாதாவின் கணவர் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. நான்கு நற்செய்திகளிலும் எங்கேயும் இல்லை. ஒரு வார்த்தை பேசாத அந்த மனிதரைத் தலைவராக வைத்து, நம் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். சூசையப்பர் அந்த மூன்று நாளும் மாதாவோடு தேடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. அப்பா மரத்தடியில் சிலுவை போட்டதை எனக்கு எழுதினீர்களே, மகனிடம் சொல்லியிருக்கிறீர்களா? அவர் ஏறிய மரங்களில் சிலவாவது அந்த விளையில் இன்னும் நிற்கும். பதநீர்க் காலம் முடிவதற்குள் ஒரு விடியற்காலை அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். தளைநார் பரணில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா எந்த மரத்தில் ஏறினார், எங்கே நின்றார், நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள் என்று காட்டுங்கள். அங்கே வைத்துப் பூசையைப் பற்றிப் பேச்செடுத்துவிடாதீர்கள்; யாராவது இறக்கிய பதநீர் கிடைத்தால் பட்டையில் வாங்கி இருவரும் குடித்துவிட்டு வாருங்கள்.

பின்குறிப்பில் கேட்டதற்கு: பெற்ற தாயோ தந்தையோ ஞானப்பெற்றோராக நிற்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை. ஞானஸ்நானத்தின்போது நின்ற ஞானத்தாயே உறுதிபூசுதலுக்கும் நிற்பது நல்லது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவர் வெளியூரில் இருந்தால் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். டிக்கெட் எடுக்க வேண்டும் அல்லவா?