மைனஸ் பத்து என்று போட்டிருந்தும் ஏன் குளிர்கிறது?

குளிர்கால கேம்பிங் பற்றி எழுதச் சொல்லி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்லீப்பிங் பேக் பற்றியவைதான். அதனால் இந்த முறை அதற்கே இடம்.

கேள்வி: என் ஸ்லீப்பிங் பேக் உறையில் பெரிய எழுத்தில் மைனஸ் 10 டிகிரி என்று போட்டிருக்கிறது. போன மாதம் டென்ட் போட்ட இடத்தில் மைனஸ் 2 தான். ஆனாலும் நடு ராத்திரிக்கு மேல் முதுகெல்லாம் விறைத்துப்போய் விடியும்வரை தூக்கமில்லை. ஏமாற்றிவிட்டார்களா? அடுத்தது வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது? (ஒரு வாசகி)

பதில்: ஏமாற்றினார்கள் என்று உடனே சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பெரிய எழுத்து எண் உங்களுக்கான எண் இல்லை என்று மட்டும் அடித்துச் சொல்வேன். பைக்குள்ளேயோ உறையிலேயோ சின்னதாக ஒரு லேபிள் இருக்கும், தேடிப் பாருங்கள். ஐரோப்பாவில் 2002இல் வந்த ஈ.என். 13537 என்ற தரநிலையோ, 2016இல் அதன் இடத்துக்கு வந்த ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரநிலையோ அதில் குறிப்பிடப்பட்டிருந்தால், கூடவே கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலைகளும் இருக்கும். சூடேற்றிய ஒரு பொம்மைக்கு முழுநீள உள்ளாடையும் காலுறையும் மாட்டி, மேட் மேல் விரித்த பைக்குள் படுக்க வைத்து, குளிரூட்டிய அறையில் அதிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளந்து கணக்கிடும் எண்கள் இவை.

கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் உடம்பைத் தளரவிட்டுப் படுத்து, குளிர் உறைக்காமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து எப்படியோ சமாளித்துவிடும் வெப்பநிலை. எக்ஸ்ட்ரீம் என்பதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆறு மணி நேரம் உயிர் தாங்கலாம், அதற்குள் விரல்கள் குளிரில் பாதிக்கப்படவும் கூடும் என்கிற எல்லை அது. அந்த எண்ணைப் பார்த்து யாருமே பை வாங்கக் கூடாது. பெரிய எழுத்தில் அச்சடிப்பது பெரும்பாலும் லிமிட் எண்ணைத்தான், சில பைகளில் எக்ஸ்ட்ரீம் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். லிமிட் மைனஸ் 10 என்றால் கம்ஃபர்ட் மைனஸ் 4ஐ ஒட்டித்தான் இருக்கும், ஆக மைனஸ் 2 ராத்திரியில் நீங்கள் ஏற்கெனவே விளிம்பில்தான் படுத்திருந்தீர்கள். களைப்பு, சரியாகச் சாப்பிடாதது, ஈர உடுப்பு என்று இன்னும் ஒன்று சேர்ந்தால் போதும், நடுங்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம், முதுகு விறைத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமான துப்பு. பைக்குள் அடைத்திருப்பது எதுவானாலும் அது தனக்குள் காற்றைப் பிடித்து வைத்துத்தான் கதகதப்பைக் காக்கிறது. உங்கள் எடை விழும் இடத்தில் அந்த அடைப்பு அப்பளமாக நசுங்கிவிடுகிறது. முதுகுக்குக் கீழே உங்களைக் காப்பது பை இல்லை, மேட்தான். மேட்டுக்கு ஆர் மதிப்பு என்று ஓர் எண் உண்டு, எண் கூடக் கூட தரையின் குளிர் ஏறுவது குறையும். சாதாரண மடிப்பு ஃபோம் மேட்டுக்கு அது சுமார் 2 இருக்கும். உறைபனியிலோ பனிமேலோ படுப்பதானால் 5ஐ ஒட்டியாவது வேண்டும். ஒரே மேட்டில் அவ்வளவு இல்லையென்றால் இரண்டை அடுக்கி எண்களைக் கூட்டிக்கொள்ளலாம், இதில் தவறே இல்லை. உள்ளே எந்த அடைப்பும் இல்லாத வெறும் காற்று மெத்தையை மட்டும் குளிருக்கு எடுத்துப் போகாதீர்கள், உள்ளே காற்று சுழன்று சுழன்று உங்கள் சூட்டைத் தரைக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். பொம்மையை வைத்துச் சோதித்தபோதும் கீழே மேட் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

எனவே அடுத்தது வாங்கும்போது, போகும் இடத்தில் எதிர்பார்க்கும் மிகக் குளிரான இரவைவிட ஒரு 5 டிகிரியாவது கீழே கம்ஃபர்ட் எண் இருக்கிற பையாக எடுங்கள். வானிலை அறிக்கை அடிவாரத்து ஊருக்கானது என்றால், 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்று கழித்துக்கொள்ளுங்கள். கையில் காசு அளவாகத்தான் இருக்கிறது என்றால், என்னைக் கேட்டால் முதலில் நல்ல மேட். இப்போதிருக்கிற பையே வேறு பை மாதிரி தெரியலாம்.

கேள்வி: டவுன் என்கிற பறவைத் தூவி அடைத்த பை நல்லதா, சிந்தெடிக் இழை அடைத்தது நல்லதா? 800 ஃபில் பவர் என்றால் 600ஐவிடக் கதகதப்பா?

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் சறுக்கும் இடம் அது. ஃபில் பவர் என்பது ஒரு அவுன்ஸ் தூவி விரிந்து எத்தனை கன அங்குலம் இடத்தை நிரப்புகிறது என்பதற்கான அளவு, அவ்வளவுதான். எவ்வளவு தூவி அடைத்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. 800 தரத் தூவியைக் கொஞ்சமாக அடைத்த பையைவிட, 600 தரத்தை நிறைய அடைத்த பை கதகதப்பாக இருக்கலாம், எடைதான் கூடும். அடைப்பின் எடை என்ன என்று கேளுங்கள், சொல்லத் தயங்குகிற தயாரிப்பை நான் தொட மாட்டேன்.

வறண்ட குளிருக்கு, முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு, டவுனுக்கு ஈடு இல்லை. அதே கதகதப்புக்கு எடை குறைவு, சின்னதாகச் சுருங்கும், ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருடம் வரும். ஆனால் நனைந்தால் கட்டி தட்டி, பிடித்து வைத்த காற்றையெல்லாம் விட்டுவிடும், காய்வதற்கும் நாளாகும். தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்த தூவி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதற்காக மழையில் போட்டுவிட முடியாது. மழையும் குளிரும் சேர்ந்து அடிக்கிற இடத்துக்கு, அல்லது வண்டி பக்கத்திலேயே நிற்கும், எடை பிரச்சினையில்லை என்கிறவர்களுக்கு, சிந்தெடிக்கே சரி. ஈரத்திலும் ஓரளவு சூடு தாங்கும், விலையும் குறைவு. அழுத்தி அழுத்திச் சுருட்டுவதில் அதன் இழைகள் தளர்ந்து சீக்கிரம் மெலிந்துவிடும், அதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பையை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் தையல் கோடுகளைப் பாருங்கள். மேல் துணியையும் உள் துணியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தால் அந்தக் கோடு நெடுகிலும் அடைப்பே இருக்காது, வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும். குளிரும் அந்த வழியாகத்தான் வரும். கடும் குளிருக்கான டவுன் பையில் இரண்டு துணிகளுக்கும் நடுவே மெல்லிய தடுப்புச் சுவர் வைத்து அறை அறையாகத் தைத்திருப்பார்கள். விரல் விட்டுத் தடவினாலே கைக்குத் தெரியும்.

கேள்வி: எனக்கு இறுக்கமாக இருந்தால் தூக்கம் வராது. தாராளமான செவ்வகப் பை வாங்கலாமா?

பதில்: லேசான குளிருக்கு வாங்கலாம். உறைநிலைக்குக் கீழே என்றால் வேண்டாம். பை தானாகச் சூடு உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற வெற்று இடத்தையெல்லாம் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும், நீளம் கூடிப்போனாலும் இதே கதைதான். அதே நேரம், கால் நுனியோ தோளோ துணியை முட்டித் தள்ளுகிற அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, முட்டுகிற இடத்தில் அடைப்பு நசுங்கிவிடும். தோளிலும் முழங்காலிலும் கொஞ்சம் அகலம் விட்டுத் தைத்த பைகள் இருக்கின்றன, அதைத் தேடுங்கள். கடையிலேயே ஜாக்கெட்டோடு உள்ளே படுத்து, ஜிப்பை இழுத்து, புரண்டு பாருங்கள். கழுத்தைச் சுற்றி அடைப்பு வைத்த பட்டையும், ஜிப் நெடுக உள்பக்கம் ஒரு தடித்த பட்டையும் இல்லாத பையைக் குளிருக்கென்று எடுக்காதீர்கள். இருட்டில் ஒற்றைக் கையால் தலைமூடிக் கயிற்றைத் தளர்த்தி வெளியே வர முடிகிறதா என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இருக்கிற உடுப்பையெல்லாம் போட்டுக்கொண்டு, தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு படுத்தால் போதாதா?

பதில்: உடுப்பு போடலாம், உலர்ந்ததாக, உடம்பைப் பிடிக்காததாக. பகலில் வேர்த்த காலுறையோடு படுப்பதுதான் கூடாது. தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி உலர்ந்த காலுறை ஒதுக்கி வையுங்கள். தலையை உள்ளே இழுக்க வேண்டாம். மூச்சின் ஈரம் முழுக்க அடைப்பில் இறங்கி, அடுத்த ராத்திரி பை கனத்துக் கிடக்கும். மூக்கும் வாயும் வெளியே, தலைக்கு ஒரு குல்லா. நன்றாக மூடும் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால் வெகுநேரம் கதகதப்பு இருக்கும். அதே பாட்டிலில் காலையில் உறையாத தண்ணீரும் கிடைக்கும்.

கேள்வி: டென்டுக்குள் சின்ன கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கலாமா?

பதில்: கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கரி அடுப்பு, அணையப்போகிற தணல் எதுவும் கூடாது. யார் என்ன சொன்னாலும் செய்யாதீர்கள்.

கேள்வி: சீசன் முடிந்ததும் பையை எப்படி வைப்பது? துவைக்கலாமா?

பதில்: கூடவே வரும் குட்டி உறையில் திணித்து மாதக்கணக்கில் வைத்தால் அடைப்பு செத்துவிடும். பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டோ, அலமாரியில் தொங்கவிட்டோ வையுங்கள். துவைப்பது எப்போதாவது போதும். டவுனுக்கென்று விற்கும் சோப்பில், முன்கதவு மெஷினில், மென்மையான சுழற்சியில் போடலாம். எடுக்கும்போது இரு கையாலும் அடியிலிருந்து தாங்கி எடுங்கள், ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் ஈரத் தூவியின் கனத்தில் உள்தடுப்புகள் கிழியும். டிரையரில் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துப் போட்டு, கட்டிகள் எல்லாம் உடைகிறவரை ஓட்டுங்கள், பல மணி நேரம் ஆகும். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் விரலால் நெருடிப் பாருங்கள். ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் இன்னொரு சுற்று ஓடட்டும்.