மேடோவர் ஆன புரோநோட்டு: சம்மனைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: குறுவைச் செலவுக்காக நானும் கணவரும் 2022 ஜூனில் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு ஒரு லட்சம் வாங்கினோம். பாதிக்கு மேல் கூகுள் பேயில் கட்டியாயிற்று. இப்போது முன்பின் தெரியாத ஒருவர், நோட்டு தனக்கு மேடோவர் ஆகியிருப்பதாக, அதாவது கடன் கொடுத்தவர் தன் பெயருக்கு எழுதி மாற்றிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி முழுத் தொகைக்கும் வழக்குப் போட்டிருக்கிறார். சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடு என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாங்க மறுத்தாலும் சம்மன் சார்வானதாகவே (உங்களிடம் சேர்ந்ததாகவே) கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாய்தாவுக்கு நீங்கள் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (உங்கள் தரப்பைக் கேட்காமலே வரும் தீர்ப்பு), அடுத்து ஜப்தி. விவசாயி குடியிருக்கும் வீடு, உழவு மாடு, விதைநெல் ஆகியவற்றை ஜப்தி செய்யச் சட்டத்தில் தடை உண்டு. நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சம்மன் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். எதிருரை (வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் கோர்ட் மொத்தம் 90 நாள் வரை தரலாம். சம்மனில் ‘ஆர்டர் 37’ (சுருக்கமாக விசாரித்து முடிக்கும் வழக்கு முறை) என்றிருந்தால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும்.

அடுத்து, பிராதோடு (வழக்கு மனுவோடு) வந்த நோட்டு நகலின் பின்பக்கத்தைப் பாருங்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் கெடு. உங்களுடையது 2025 ஜூனோடு முடிந்திருக்கும். அதற்குள் ‘500 ரூபாய் வரவு’ என்று எழுதி நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், அந்த வரவுத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். கெடு முடியும் தறுவாயில் ஒரு சின்ன வரவு இருந்து, கையெழுத்து உங்களுடையது இல்லையென்றால், தேதியோடு குறிப்பிட்டு மறுக்க வேண்டும். கெடுவுக்குக் கணக்கு, வழக்குப் போட்ட தேதி. சம்மன் வந்த தேதி அல்ல. மேடோவர் வாசகத்தில் உங்களுக்குக் கடன் கொடுத்தவரின் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எதிருரையில் ‘அனைத்தும் பொய்’ என்று மொத்தமாக மறுப்பது வீண். ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கக் கையெழுத்து உங்களுடையதென்றால் அதை மறுக்கவே கூடாது. அது பொய்யென்று தெரிந்துவிட்டால் உண்மையாகக் கட்டிய பணத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். கட்டியதை வங்கி ஸ்டேட்மென்டோடு தேதிவாரியாகக் காட்டுங்கள். பேசிய வட்டியையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் வந்ததெல்லாம் வட்டிக்கே போயிற்று என்பார்கள். மேடோவர் வாங்கியவர் இந்தக் கணக்குத் தெரிந்தே வாங்கினார் என்றால், அதையும் எதிருரையிலேயே சொல்லியாக வேண்டும்.

பெண் என்பதால், வருமானம் எவ்வளவானாலும் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. கோர்ட்டிலுள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். ஆனால் அங்கே கையெழுத்திட்டபின் அப்பீல் இல்லை. அறுவடைக்குப் பின் கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் சம்மதியுங்கள். தீர்ப்பானபின் வெளியே பணம் கட்டினால் அதைக் கோர்ட்டில் பதிவு செய்யுங்கள். பதிவாகாத பணத்தை நிறைவேற்று மனுவில் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.