கப்பல் ஸ்பாவில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் அம்மாவும் ஏழு இரவு சொகுசுக் கப்பல் பயணம் போகிறோம். எங்களுக்கு இதுதான் முதல் தடவை. டிக்கெட் எடுத்துத் தந்த முகவர் எங்கள் கேபினுக்கு, கப்பலில் செலவழித்துக்கொள்ள, 100 டாலர் கிரெடிட் போட்டிருப்பதாகச் சொல்கிறார். அதை வைத்து அம்மாவும் நானும் ஸ்பாவில் ஆளுக்கொரு மசாஜ் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசை. கப்பல் நிறுவனத்தின் ஆப்போ, இப்போதே புக் செய்யச் சொல்லி, கார்டு நம்பர் கேட்கிறது. ஏற்கெனவே போய்வந்த தோழியோ, "அவசரப்படாதே, ஏறின பிறகு பாதி விலைக்குத் தருவார்கள்" என்கிறாள். அவளேதான், கடைசி நாள் பில்லைப் பார்த்து ஆடிப்போனதாகவும் சொல்கிறாள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் வேறு உண்டு. என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: உங்கள் தோழி சொன்ன இரண்டுமே உண்மைதான், பாதி விலை என்பதை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஏறின பிறகு தள்ளுபடி கிடைக்கும், கடைசி நாள் பில்லும் ஆட வைக்கும். கப்பல் ஸ்பா என்பது நேரத்தை விற்கிற கடை. இன்று மதியம் இரண்டு மணிக்கு ஒரு அறை காலியாகக் கிடந்தால் அந்த இரண்டு மணியை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. அதனால் காலியாக இருக்கும் நேரத்தை எப்படியாவது தள்ளிவிடப் பார்ப்பார்கள், உள்ளே வந்துவிட்டவரிடம் இன்னும் இரண்டு பொருளை விற்கவும் பார்ப்பார்கள்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் பயணிகளில் பாதிக்கு மேல் இறங்கி ஊர் சுற்றப் போய்விடுவார்கள், ஸ்பா வெறிச்சோடிக் கிடக்கும். தள்ளுபடி எல்லாம் பெரும்பாலும் அந்த நாட்களுக்குத்தான். கடலிலேயே ஓடும் நாளில் ஆயிரக்கணக்கான பேருக்குப் போக வேறு இடம் இல்லை, எல்லோருக்கும் அன்றைக்குத்தான் முதுகு வலிப்பது நினைவுக்கு வரும். அந்த நாட்களின் பிற்பகல் நேரங்கள்தான் முதலில் தீரும், அவற்றுக்குத் தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள். இரவு விருந்துக்கு எல்லோரும் பட்டும் கோட்டுமாக வருகிற நாள் ஒன்றிரண்டு உண்டு, அன்றைக்கு மாலையில் தலைமுடி அலங்காரத்துக்கும் இதே கதைதான்.

அதனால் அம்மாவுக்கு மட்டும் இப்போதே புக் செய்துவிடுங்கள், உங்களுடையதை ஏறின பிறகு துறைமுக நாளில் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு எந்த நேரம் கிடைத்தாலும் சமாளிப்பீர்கள். அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம், மாத்திரை நேரம் எல்லாம் இருக்கும். பெண் தெரப்பிஸ்ட்தான் வேண்டும் என்றால் அதையும் இப்போதே கேட்டு வைக்கலாம். ஏறின பிறகு அன்றைக்குக் கிடைக்கிற நேரத்துக்கும் கிடைக்கிற ஆளுக்கும் சரி சொல்ல வேண்டியிருக்கும்.

நாள் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல கப்பல்களில் ஸ்பா இருப்பது மேல் தளத்தில், முன்பக்கத்தில். கடல் பார்க்க அருமையான இடம், ஆட்டம் அதிகமாகத் தெரிகிற இடமும் அதுதான். நான் ஒரு தடவை கொஞ்சம் காற்றடித்த நாளில் போய்ப் படுத்தேன். மசாஜ் மேசையில் முகத்தை வைக்கிற ஓட்டை வழியாகக் கீழே பார்த்தால் தரையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் நாலு பூவும், அழகுக்காக வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, நின்று, மறுபக்கம் இறங்கியது. ஐம்பது நிமிடமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. முதுகில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மாவுக்குப் பேருந்திலேயே தலை சுற்றும் என்றால் அவருக்கும் துறைமுக நாளே மேல், கப்பல் ஆடாமல் நிற்கும், விலையும் கொஞ்சம் குறையலாம்.

சரி, கார்டு விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்களில் முகவர் போட்ட கிரெடிட் கப்பலில் ஏறி, அங்கே செய்யும் செலவையெல்லாம் எழுதி வைக்கிற உங்கள் கணக்கு திறந்த பிறகுதான் வேலை செய்யும். ஆப்பில் இப்போது புக் செய்தால் உங்கள் கார்டிலிருந்துதான் போகும், அந்த நூறு டாலர் தொடப்படாமல் அப்படியே இருக்கும். சில நிறுவனங்கள் இப்போது நேரத்தை மட்டும் பிடித்து வைத்து, மசாஜ் முடிந்த பிறகு கப்பல் கணக்கில் எழுதுகின்றன. உங்களுடையது எந்த வகை என்று பணம் கட்டும் பக்கத்திலேயே போட்டிருக்கும். இப்போதே பணம் எடுக்கிற வகை என்றால் அம்மாவுடையது கார்டில் போகட்டும், கிரெடிட்டை உங்கள் மசாஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மிச்சமானால் அந்த கிரெடிட் பணமாகத் திரும்புமா, திரும்பாதா? இரண்டு வகையும் உண்டு. திரும்பாத வகை என்றால் கடைசி இரவோடு காலாவதி, அதனால் முதலில் அதைத்தான் கரைக்க வேண்டும். நீங்கள் ஒரு காபி வாங்கினாலும் அதிலிருந்துதான் கழியும், உங்கள் கணவர் மூன்று நாள் மாலையில் நண்பர்களோடு உட்கார்ந்தார் என்றால் மசாஜ் நாளுக்கு அதில் ஒன்றும் இருக்காது. அவர் காதில் இதைப் போட்டு வையுங்கள்.

இனி உங்கள் தோழியை ஆட வைத்த பில். பட்டியலில் 150 டாலர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் மேல் பல நிறுவனங்கள் சேவைக் கட்டணம் என்று, அதாவது டிப்ஸாக, 18 அல்லது 20 சதவீதம் தாமாகவே சேர்த்துவிடும். ஆக 177, இல்லையென்றால் 180. சுற்றுவது முழுக்க ஐரோப்பிய ஒன்றியத்துத் துறைமுகங்களுக்குள்ளேயே என்றால் வரியும் சேரலாம். இது வரைக்கும் யாரும் உங்களை ஏமாற்றவில்லை, பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

மசாஜ் முடிந்து, கண் பாதி திறந்த நிலையில், கையில் ஏதோ மூலிகை டீயோடு உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது ரசீதும் பேனாவும் வரும். ரசீதில் சேவைக் கட்டணம் சேர்த்த தொகை ஒரு வரியில் இருக்கும், அதற்குக் கீழே டிப்ஸ் என்று ஒரு வரி காலியாக இருக்கும். காலியாக ஒரு கோட்டைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்குமா? நான் எழுதினேன், தாராளமாகவே எழுதினேன். கேபினுக்கு வந்து கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரே மசாஜுக்கு இரண்டு தடவை டிப்ஸ் கொடுத்திருக்கிறேன். எந்தக் கப்பல் என்பது வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். அந்த வரி கட்டாயம் இல்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்து, மொத்தத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். செய்தவர் கை நிஜமாகவே பிடித்திருந்தால் கூடக் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம்.

ரசீதுக்குச் சற்று முன்னால் இன்னொரு தாளும் வரக்கூடும். மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கும். உங்கள் தோள் இறுகியிருக்கிறது, உடம்பில் நச்சு சேர்ந்திருக்கிறது என்று சொல்லி எண்ணெய், குளியல் உப்பு, கடல்பாசிப் பொடி என்று நாலைந்து பெயரை வட்டமிட்டுத் தருவார்கள். கூட்டிப் பார்த்தால் மசாஜ் விலையைத் தாண்டினாலும் தாண்டும். நச்சைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்குத்தான் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அதை எழுதித் தருகிற தெரப்பிஸ்ட் மீது கோபமும் வேண்டாம். பெரும்பாலான பெரிய கப்பல்களில் ஸ்பாவை நடத்துவது கப்பல் நிறுவனம் அல்ல, வெளியே இருந்து வரும் ஒப்பந்த நிறுவனம். கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் என்று பல நிறுவனங்களின் கப்பல்களில் ஒன்ஸ்பாவேர்ல்டு என்ற ஒரே கம்பெனிதான் ஸ்பா நடத்துகிறது. இந்தத் தொழிலில் தெரப்பிஸ்டின் வருமானத்தில் ஒரு பகுதி கமிஷன், அதனால் விற்பனையும் அவர்கள் வேலைதான். உள்ளே போகும்போது உடல்நிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள் இல்லையா, அதிலேயே "பொருள் எதுவும் வாங்கப் போவதில்லை, மசாஜ் மட்டும் போதும்" என்று எழுதிவிடுங்கள், வாயாலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அவருக்கும் நேரம் மிச்சம். மசாஜ் முடிந்து உடம்பு தளர்ந்து கிடக்கும்போது வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், முன்னாலேயே சொல்வது சுலபம்.

அந்தப் படிவத்தில் அம்மாவின் ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள். நீராவி அறை, சானா, சூடான கல் வைத்துச் செய்வது எல்லாம் அவருக்கு ஆகுமா என்று புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். கப்பலில் ஏறிய அன்றே ஸ்பாவுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. கடைசி நிமிடத்தில் படிவத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் தயங்கினால், அப்புறம் பணம் திரும்புமா என்று நின்று பேச வேண்டியிருக்கும். உடை விஷயத்தில் அம்மா கூச்சப்பட்டால் உள்ளாடையோடு படுத்துக்கொள்ளலாம், போர்வையும் தருவார்கள், இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரத்து செய்வதற்குப் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். தாண்டினால் பாதிப் பணமோ முழுப் பணமோ போய்விடும், உங்கள் கப்பலில் எப்படி என்பதை மட்டும் பார்த்து வையுங்கள். போன் காட்டும் நேரத்தையும் நம்பிவிடாதீர்கள். துறைமுகத்தில் நிற்கும்போது போன் கரையில் இருக்கும் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் தன் நேரத்திலேயே இருக்கக்கூடும். ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், எனக்கு மணி இரண்டுதானே என்று நின்றால் யாரும் இரங்க மாட்டார்கள். ஏறின அன்று ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மசாஜுக்கு, ஏறிய அன்று பிற்பகலிலேயே ஸ்பா பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். அன்றைக்குச் சுற்றிக் காட்டுவார்கள், குலுக்கல் கூட நடத்துவார்கள். சீட்டில் பெயர் எழுதிப் போட்டுவிட்டு, குலுக்கும் நேரத்தில் அங்கேயே நிற்க வேண்டும், அதற்குள் இரண்டு பேராவது உங்களிடம் எதையாவது விற்கப் பார்ப்பார்கள். எனக்கு அதில் பொறுமை இல்லை. நேரே வரவேற்பு மேசைக்குப் போய், துறைமுக நாள் விலைப் பட்டியல் உண்டா என்று கேளுங்கள். ஒரே விலையில் மூன்று சிகிச்சை என்று காட்டினால் ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள், ஒவ்வொன்றும் பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடுவதாக இருக்கும். தலைக்கு, காலுக்கு, முகத்துக்கு என்று துண்டு துண்டாகத் தொட்டுவிட்டு எழுப்பிவிடுவதைவிட முழுசாக ஐம்பது நிமிடம் ஒரே மசாஜ் மேல் என்பது என் கட்சி.

அங்கேயே நீராவி அறை, சூடான சாய்வு நாற்காலி எல்லாம் உள்ள பகுதியைக் காட்டி, பயணம் முழுவதற்கும் பாஸ் வாங்கச் சொல்வார்கள். வைக்கிங் மாதிரி சில கப்பல்களில் அது எல்லாப் பயணிகளுக்கும் இலவசம், மற்ற பலவற்றில் தனிக் கட்டணம். தினமும் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். முதல் தடவை போகிறவர்கள் கப்பலைச் சுற்றிப் பார்க்கவே நேரம் போதாமல் அலைவார்கள், நீங்கள் வாங்க வேண்டாம்.

கப்பலில் ஏறும்போது கணக்குக்குக் கொடுக்கும் கார்டு கிரெடிட் கார்டாக இருக்கட்டும். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் செலவுக்கு ஏற்ப வங்கியில் பணத்தை நிறுத்தி வைப்பார்கள், பயணம் முடிந்து சில நாள் கழித்துத்தான் அது விடுபடும், நடுவில் வேறு செலவுக்கு எடுக்கப் போனால் இருக்காது. உங்கள் நாட்டுப் பணத்திலேயே மாற்றிக் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம், டாலரிலேயே எடுங்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் மாற்றும் விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

தினமும் இரவு தூங்கும் முன் ஆப்பிலோ கேபின் டிவியிலோ கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்பா வரியில் ஏதாவது இடித்தால் மறுநாளே ரசீதோடு ஸ்பாவுக்கே போங்கள், செய்தவரும் அங்கே இருப்பார், அவருக்கும் ஞாபகம் இருக்கும். கடைசி நாள் காலையில் வாடிக்கையாளர் சேவை மேசை முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் பணமே வேண்டாம் என்று திரும்பிவிடுவீர்கள், அதில் நிற்கிற பாதிப் பேர் உங்கள் தோழி மாதிரி அன்றைக்குத்தான் பில்லை முதன்முதலாகப் பார்த்தவர்கள்.

இன்னொன்று. விலையை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள், சொன்னால் அவர் வரவே மாட்டார். ஆனால் ரசீதை அவர் கையில்தான் நீட்டுவார்கள், அதனால் ஐம்பதாவது நிமிடத்தில் நீங்கள் ஸ்பா வாசலில் இருங்கள்.